கை கால் இழுக்கல, வாய் கோணல, ஆனா பக்கவாதம்: மூளைத்தண்டு பத்தி கொஞ்சம் பேசலாம்

வெயில் ஏறிட்டா எங்க வேலூர் பக்கம் தலைசுத்துக்கு ஒரே பேர்தான், பித்தம். "இன்னாமா ஆச்சு"ன்னு கேட்டா "காலைலேர்ந்து கிறுகிறுன்னு வருதாம், ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டாரு, பித்தம் தலைக்கேறிடுச்சு போல"ம்பாங்க, எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு உப்பு போட்டு குடுத்துட்டு ஃபேனுக்குக் கீழ படுக்க வெச்சுடுவாங்க. பெரும்பாலும் அது சரியாவும் போயிடும், ஏன்னா காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்புல ஏதாவது கோளாறா இருக்கும், இல்ல வெயில்ல அலைஞ்சு உடம்புல தண்ணி வத்திப் போயிருக்கும். ஆனா சில பேருக்கு அது மூளைத்தண்டுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சதால வந்த பக்கவாதம்.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கு வீட்டுக்கே போய் பயிற்சி குடுக்கறது என் வேலை, காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைன்னு வண்டியிலதான் பொழுது போகும். மூளைத்தண்டுல அடி வாங்கினவங்க வீட்டுக்குப் போறப்பல்லாம் நான் கேக்கற கதை ஒரே மாதிரி இருக்கும், "கை கால் நல்லாத்தானே தம்பி இருந்துச்சு, அதான் விட்டுட்டோம்". இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறல, அதனாலதான் இன்னிக்கு உக்காந்து இதை எழுதறேன்.

மூளைத்தண்டுன்னா என்னன்னு முதல்ல பாத்துடுவோம். பெரிய மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவுல, பிடரிக்கு உள்பக்கமா இருக்கற ஒரு சின்ன தண்டு அது, நீளம் சுமாரா 7, 8 சென்டிமீட்டர்தான், தடிமன் கிட்டத்தட்ட கட்டைவிரல் அளவு. மேல நடுமூளை, நடுவுல முன்பக்கம் புடைச்சிட்டிருக்கறது பான்ஸ், அடியில முகுளம். மூளையிலேர்ந்து நேரா கிளம்பற நரம்பு 12 ஜோடி இருக்கு, அதுல 10 ஜோடி இங்கேர்ந்துதான் வருது, கண்ணு அசையறது, முகம் அசையறது, மெல்லறது, காது கேக்கறது, முழுங்கறது, குரல், நாக்கு எல்லாம் அந்தக் கணக்குல வந்துடும். மூச்சு விடறதுக்கான தாளம் போடற இடம் முகுளத்துல இருக்கு, இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏத்தி இறக்கறதும் அங்கதான்.

நம்ம காட்பாடி ஜங்ஷனை நினைச்சுக்கோங்க. சென்னை லைன், ஜோலார்பேட்டை லைன், திருப்பதி லைன், விழுப்புரம் லைன் எல்லாம் அங்க வந்து சேருது, ஊரைக் கணக்கு பண்ணா இடம் சின்னதுதான், ஆனா அங்க ஒரு பாயின்ட் மாட்டிக்கிச்சுன்னா எந்த லைன் நிக்குதுங்கறது எந்த பாயின்ட்டுங்கறதைப் பொறுத்தது. மூளைத்தண்டும் அப்படித்தான், ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி அடைச்சா வேற நோய், வேற அறிகுறி. பெரிய மூளையிலேர்ந்து கை காலுக்குப் போற கட்டளை நரம்பெல்லாம் தண்டோட முன்பக்கமா இறங்குது, அதனால பின்பக்கமோ ஓரமாவோ மட்டும் ரத்தம் போகலன்னா கை காலுக்கு ஒண்ணும் ஆகாது, பலம் அப்படியே இருக்கும். சனங்க ஏமாந்து போறது இந்த இடத்துலதான்.

குடியாத்தத்துல கைலி நெய்யற ஒரு பெரியவர், அறுபது வயசு தாண்டினவர். அவருக்கு வந்தது முகுளத்தோட ஓரப்பகுதியில, இடது பக்கம். இதை வாலன்பர்க் நோய்க்குறின்னு சொல்வாங்க, ஜெர்மனி டாக்டர் அடால்ஃப் வாலன்பர்க் 1895ல விவரமா எழுதினதால அந்தப் பேரு. காலையில எழுந்ததுமே சுத்தல், வாந்தி, நடந்தா இடது பக்கமா சாயறாரு, விடாத விக்கல், குரல் கம்மிப் போச்சு. வீட்டுல வழக்கம் போல எலுமிச்சை சாறு குடுத்திருக்காங்க, குடிச்சதும் புரையேறி மூச்சு திணறி கண்ணு ரெண்டும் வெளிய வர்ற மாதிரி ஆயிடுச்சாம். பக்கத்துல ஒரு கிளினிக்குல கையைத் தூக்கு காலைத் தூக்குன்னு பாத்துட்டு தலைசுத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மறுநாள் ராத்திரிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, எம்ஆர்ஐ எடுத்தப்பதான் தெரிஞ்சது.

நான் முதல் தடவ போனப்ப அவங்க வீட்டம்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கல. "தம்பி, இவருக்கு இன்னா ஆச்சுன்னே புரியல, டீ டம்ளரை வலது கையில புடிச்சா சுடவே இல்லன்றாரு, கை செவந்து கொப்புளம் வந்துடுச்சு, ஆனா டம்ளரைப் புடிச்சிருக்கறது நல்லாத் தெரியுதாம். மூஞ்சி பாத்தா இந்தாண்ட இடது பக்கம் மரத்துப் போயிருக்கு. ஒரே ஆளுக்கு எப்படி மூஞ்சி ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் போவும்?" எந்த மெடிக்கல் காலேஜ் வாத்தியாரும் இதை விட நல்லா கேக்க முடியாது, நோயோட மொத்த ரகசியமும் அந்தக் கேள்வியிலயே இருக்கு. வலது கையிலேர்ந்து வர்ற சூடு, வலி சேதியைக் கொண்டு போற நரம்பு முதுகுத்தண்டுக்குள்ள நுழைஞ்ச உடனே எதிர்ப்பக்கம் தாண்டிடும், அதனால அது முகுளத்துக்கு வர்றப்போ இடது பக்கமா ஏறுது. இடது பக்க முகத்தோட சூடு, வலி நரம்பு பான்ஸ்ல நுழைஞ்சு தாண்டாம அதே இடது பக்கமா முகுளம் வரைக்கும் கீழ இறங்கி, அப்புறம்தான் எதிர்ப்பக்கம் போகுது. ஆக முகுளத்தோட இடது ஓரத்துல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடுது, அங்க ரத்தம் நின்னா ரெண்டும் சேந்து போகுது. தொடு உணர்ச்சி வேற வழியா நடுப்பக்கமா ஏறுது, அதுக்கு ஒண்ணும் ஆகல, அதான் டம்ளர் இருக்கறது தெரியுது, சூடு தெரியல. நான் ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினேன், அந்தம்மா பாத்துட்டு "பாவு நூலும் ஊடை நூலும் மாதிரி குறுக்கால போவுதா"ன்னு கேட்டாங்க, நெசவுக்காரங்க வீடு இல்லையா.

அன்னிலேர்ந்து அவருக்கு டீ ஆறின அப்புறம்தான், குளிக்கற தண்ணியை அந்தம்மா தன் கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க, பீடியை அறவே விடச் சொல்லியாச்சு, விரல்ல சுட்டாகூட அவருக்குத் தெரியாதே. அவருக்கு இடது கண்ணு இமை கொஞ்சம் இறங்கி, கண்மணியும் சின்னதா இருந்துச்சு, அதுவும் இதே நோயோட அடையாளம்தான்.

ரொம்பக் கஷ்டப்பட்டது முழுங்கறதுல. முகுளத்துல தொண்டைத் தசையை ஆட்டி வைக்கற நரம்புக் கூட்டம் ஒண்ணு இருக்கு, அது போயிடுச்சுன்னா ஒரு பக்கத் தொண்டை வேலை செய்யாது, உணவுக்குழாய் வாசலும் சரியா தொறக்காது. மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. நம்ம சனங்களுக்கு ஒரு நெனப்பு இருக்கு, தண்ணிதான் ஈஸியா எறங்கும்னு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு தண்ணிதான் இருக்கறதுலயே ஆபத்து, சரசரன்னு ஓடி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், நுரையீரல்ல சளி கட்டி காய்ச்சல் வந்து அதுலயே உயிர் போனவங்க இருக்காங்க. முழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்கற தெரபிஸ்ட் ஒருத்தர் சோதிச்சுப் பாத்து சொன்ன அப்புறம், கெட்டியா காய்ச்சின கேழ்வரகு கூழ்ல ஆரம்பிச்சோம், நிமிந்து உக்காந்து, தலையை செயலிழந்த பக்கமா, அதாவது இடது பக்கமா திருப்பி வெச்சுகிட்டு, கால் ஸ்பூன் கால் ஸ்பூனா. அப்படித் திருப்பினா செத்த பக்கம் மூடிக்கும், சாப்பாடு நல்லா இருக்கற வலது பக்கமா இறங்கும். சில மாசத்துல டியூபை எடுத்தாச்சு. எடுத்ததும் அவர் கேட்டது இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா போட்ட குழம்புதான், நல்லா மசிச்சு குடுத்தோம், அவர் முகத்தைப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இந்த வகைப் பக்கவாதத்துல நிறைய பேருக்கு முழுங்கறது திரும்பி வருது, அதனால டியூப் போட்டாச்சுன்னு யாரும் நம்பிக்கையை விட்டுடாதீங்க.

இன்னொருத்தர் கதை வேற மாதிரி. ராணிப்பேட்டை தோல் கம்பெனியில வேலை செஞ்சவர், நாப்பத்தஞ்சு வயசு. கழுத்து எலும்புக்குள்ள ரெண்டு ரத்தக்குழாய் ஏறி மேல ஒண்ணா சேந்து பேசிலார் குழாய்னு ஒண்ணு ஆகுது, மூளைத்தண்டுக்கு சாப்பாடு போடறது அதுதான். அது அடைச்சு பான்ஸோட முன்பக்கம் முழுக்க போயிடுச்சு இவருக்கு. கை கால் முகம் நாக்கு எதுவும் அசையாது, பேச்சு இல்ல. ஆனா முழு நினைவு இருக்கு, காது கேக்குது, யோசிக்கறாரு, அழறாரு. ஏன்னா நம்மளை முழிப்பா வெச்சிருக்கற நரம்பு வலைப்பின்னல் தண்டோட பின்பக்கமும் மேல நடுமூளைப் பக்கமும் இருக்கு, அது தப்பிச்சுது. கண்ணை மேல கீழ அசைக்கற மையமும் நடுமூளையில இருக்கறதால அதுவும் இமை தூக்கறதும் மட்டும் மிஞ்சும். 1966ல ப்ளம், போஸ்னர்னு ரெண்டு டாக்டருங்க இதுக்கு லாக்டு இன், அதாவது உள்ளயே பூட்டி வெச்ச மாதிரின்னு பேர் வெச்சாங்க.

(அந்த முழிப்பு வலைப்பின்னலைக் கண்டுபிடிச்சது மொருட்சி, மகூன்னு ரெண்டு விஞ்ஞானிங்க, 1949ல. மூளைத்தண்டுல லேசா மின்சாரம் குடுத்ததும் தூக்க அலை மாறி முழிப்பு அலை வந்ததைக் காட்டினாங்க. அதே 1949லதான் நம்ம வேலூர் சிஎம்சியில டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவோட முதல் நியூரோசர்ஜரி டிபார்ட்மென்ட்டை ஆரம்பிச்சாரு. எங்க ஊர்க்காரங்க இதைப் பெருமையா சொல்லிக்கணும், நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.)

நான் போறப்போ அந்த வீட்டுல அவரை "ஒண்ணும் தெரியாது"ன்னு நெனச்சு அவர் முன்னாடியே கடன் பத்தியும் நிலத்தை விக்கறது பத்தியும் பேசிட்டிருந்தாங்க, அவர் கண்ணு ஓரம் தண்ணி ஓடிட்டே இருந்துச்சு. மேல பாருங்கண்ணேன்னேன், பாத்தாரு. கீழ பாருங்கன்னேன், பாத்தாரு. வீடே அமைதியாயிடுச்சு. அவர் பொண்ணு பத்தாவது படிக்கறா, அவகிட்ட ஒரு அட்டை பண்ணச் சொன்னேன், அந்தப் பொண்ணு என்னை விட புத்திசாலி, தமிழ் இலக்கணப் பாடத்தை அப்படியே இதுல போட்டுட்டா. 247 எழுத்தையும் வரிசையா காட்டினா விடிஞ்சுடும், அதனால முதல்ல வல்லினமா, மெல்லினமா, இடையினமா, அதுல ஆறு எழுத்துல எது, அப்புறம் குறிலா நெடிலா, அதுல எந்த உயிர். ஆமான்னா மேல, இல்லன்னா கீழ. முதல் நாள் அவர் சொன்னது: மெல்லினம், ம. குறில், உ. மு. அடுத்து வல்லினம், த. மறுபடி குறில், உ. முது. அதுக்குள்ள அவர் மனைவி "முதுகா? முதுகு அரிக்குதாங்க?"ன்னு கத்திட்டாங்க, கண்ணு மேல போச்சு, அந்தம்மா அழுதுகிட்டே முதுகைச் சொறிஞ்சு விட்டாங்க. எத்தனை நாளா அரிச்சுதோ அவருக்கு. அசையாம கிடக்கறவங்க வீட்டுல இருக்கற யாராவது இதைப் படிச்சீங்கன்னா, இன்னிக்கே பக்கத்துல போய் கண்ணை மேல கீழ பாக்கச் சொல்லிப் பாருங்க, அவங்க முன்னாடி பேசறப்போ அவங்க கேக்கறாங்கன்னு வெச்சுகிட்டே பேசுங்க.

மூளைச்சாவு பத்தியும் சொல்லிடறேன், ஹைவேயில ஆக்ஸிடென்ட் ஆனா எங்க பக்கம் அடிக்கடி காதுல விழற வார்த்தை அது. நம்ம நாட்டுல 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைத்தண்டு மொத்தமா, திரும்பி வராதபடி செயலிழந்தாத்தான் மூளைச்சாவு. நாலு டாக்டருங்க கொண்ட குழு சோதிக்கணும்: கண்ணுல டார்ச் அடிச்சா பாப்பா சுருங்குதா, கருவிழியில பஞ்சு பட்டா இமைக்குதா, காதுல ஐஸ் தண்ணி விட்டா கண்ணு அசையுதா, தொண்டையில சக்ஷன் டியூப் போட்டா இருமல் வருதா, கடைசியா வென்டிலேட்டரை நிறுத்தி ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு ஏற விட்டும் ஒரு மூச்சாவது தானா வருதா. எதுவுமே வரலன்னாலும் குறைஞ்சது 6 மணி நேரம் விட்டு மறுபடியும் எல்லாத்தையும் செய்யணும். "கால் ஆடுச்சே, நெஞ்சு துடிக்குதே"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, நியாயமான கேள்வி. இதயத்துக்குத் தானாவே துடிக்கற தன்மை இருக்கு, மிஷின் மூச்சு குடுக்கற வரைக்கும் கொஞ்ச நாள் ஓடும். கால் ஆடறது முதுகுத்தண்டோட அனிச்சை, அதுக்கு மூளையே வேணாம். கோமா வேற, இது வேற. இதைப் புரிஞ்சுகிட்டு உறுப்பு தானம் குடுக்கறவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்குன்னு 2023ல நம்ம தமிழ்நாடு அரசு அறிவிச்சது எனக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு.

இந்த சோதனைக்கு முன்னாடி வேற காரணம் எதுவும் இல்லன்னு உறுதி பண்ணணும், அதுல ஒண்ணு எங்க கிராமத்துப் பக்கம் முக்கியம்: கட்டுவிரியன். ராத்திரி தரையில படுத்திருக்கறவங்களைக் கடிக்கும், வலியும் இருக்காது, பல் தடம் கூட தெரியாது. விடியக்காலையில வயித்து வலி, இமை தானா இறங்கும், அப்புறம் பேச்சு, மூச்சு எல்லாம் நின்னுடும், பாக்க மூளைத்தண்டு செத்த மாதிரியே இருக்கும், கண் பாப்பா கூட விரிஞ்சு நிக்கலாம். உண்மையில மூளைத்தண்டுக்கு ஒண்ணும் ஆகல, விஷம் நரம்பு தசையைத் தொடற இடத்தைத்தான் முடக்கிப் போடுது. வென்டிலேட்டர்ல வெச்சுக் காப்பாத்தினா எழுந்து நடந்து வீட்டுக்குப் போவாங்க. அதனால தரையில படுத்திருந்தாருங்கற விஷயத்தை டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க.

இன்னொரு விஷயம், உப்பு. வயசானவங்களுக்கு சோடியம் குறைஞ்சு குழம்பிப் போய் அட்மிட் ஆனா "இன்னா சார் இவ்ளோ மெதுவா ஏத்துறீங்க"ன்னு சண்டை போடாதீங்க. ரொம்ப நாளா குறைஞ்சிருந்த சோடியத்தை வேகமா ஏத்தினா பான்ஸ்ல நரம்போட உறை கழண்டு போயிடும். இந்த நோயை 1959லயே எழுதி வெச்சிருக்காங்க, சோடியத்தை வேகமா ஏத்தறதுதான் காரணம்னு அதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. குடிப்பழக்கம் இருந்தவங்களுக்கு இன்னும் ஆபத்து.

சரி, எப்போ ஓடணும்? தலைசுத்தோட ரெண்டு ரெண்டா தெரியறது, பேச்சு குழறறது, முழுங்க முடியாம புரையேறறது, குரல் மாறறது, மூஞ்சி மரத்துப் போறது, புடிக்காம நிக்கவே முடியாம ஒரு பக்கமா விழறது, இதுல ஒண்ணு சேந்தாலே 108ஐக் கூப்பிடுங்க, வாய்ல ஒரு சொட்டு தண்ணி கூட ஊத்தாதீங்க. சுகர், பிரஷர் இருக்கறவங்கன்னா சும்மா சுத்தலே திடீர்னு வந்து விடாம இருந்தாலும் போயிடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடறது, பேசிலார் குழாய் அடைப்புன்னா தகுதி இருக்கறவங்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட டியூப் விட்டு கட்டியை எடுக்கலாம்னு 2022ல ரெண்டு பெரிய ஆய்வு காட்டியிருக்கு. அதனால கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. சிடி ஸ்கேன் நார்மல்னு வந்தா நிம்மதியா வீட்டுக்கு வந்துடாதீங்க, பிடரிப் பக்கம் எலும்பு தடிமன், சின்ன அடைப்பு சிடியில மறைஞ்சுடும், எம்ஆர்ஐ தேவையான்னு நேராவே கேளுங்க.

கடைசியா இளவட்டப் பசங்களுக்கு. சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையைப் புடிச்சு படக்குன்னு ரெண்டு பக்கமும் திருப்பி சொடக்கு எடுக்கறாங்களே, அந்தக் கழுத்து எலும்புக்குள்ளதான் நான் சொன்ன ரெண்டு குழாயும் ஓடுது. திருப்பற வேகத்துல குழாயோட உள்சுவர் கிழிஞ்சு, அங்க ரத்தம் கட்டி, அது மேல போய் மூளைத்தண்டை அடைக்கலாம், முப்பது வயசுல கூட. அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விடச் சொல்லுங்க, தோளை அமுக்கச் சொல்லுங்க, கழுத்தை மட்டும் திருப்ப விடாதீங்க. ஏற்கெனவே திருப்பியாச்சு, அடுத்த நாளோ அடுத்த வாரமோ இதுவரைக்கும் வராத பிடரி வலியும் சுத்தலும் வருதுன்னா, டாக்டர்கிட்ட சலூன் விஷயத்தை நீங்களாவே சொல்லிடுங்க, ஏன்னா அதைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தோணாம போகலாம்.